272 படிகளும் ஒரு யூனிட் மின்சாரமும்

பத்துமலையில் 272 படிகள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். அந்தப் படிகளில் ஒருவர் ஒருமுறை ஏறினால் இயற்பியல் கணக்கில் எவ்வளவு வேலை நடக்கிறது, அதே வேலையை மின்சாரத்தைக் கொண்டு செய்தால் எவ்வளவு செலவாகும்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் வேலை, சக்தி, திறன் என்று இடைநிலைப்பள்ளியில் மனப்பாடம் செய்த மூன்று சொற்களும் மாதாமாதம் வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீதோடு சேர்ந்து புரிந்துவிடும். கோலாலம்பூரில் இருக்கும் நமக்கு இதற்கு வேறு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

படி ஒன்றின் உயரம் 18 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 272 படிக்கு ஏறக்குறைய 49 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவரைப் பூமி கீழ்நோக்கி இழுக்கும் விசை 60 × 9.8, அதாவது 588 நியூட்டன். அந்த இழுப்பை மீறி உடம்பை 49 மீட்டர் உயர்த்தினால் செய்த வேலை 588 × 49. வேலையையும் சக்தியையும் அளக்கும் அலகில் சொன்னால் சுமார் 28,800 ஜூல். தலையில் 5 கிலோ பால்குடம் இருந்தால் இன்னுமொரு 2,400 ஜூல்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். நாம் யூனிட் என்று சொல்வது ஒரு கிலோவாட்-மணி. 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் சக்தி அது. ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். மணிக்கு 3,600 நொடி. ஆக, ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதை 28,800-ஆல் வகுத்தால் 125 வருகிறது. பத்துமலையை 125 முறை ஏறுவதற்கான வேலை ஒரு யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 2025 ஜூலையிலிருந்து தீபகற்பத்தில் நடப்பில் உள்ள கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் புழங்கும் வீட்டுக்கு ஒரு யூனிட்டின் அடிப்படை விலை 44.43 சென். குறைவாகப் புழங்குவோருக்குக் கிடைக்கும் ஊக்கத் தள்ளுபடி போக இன்னும் இறங்கும். ஐம்பது காசுகூட இல்லை!

பலரும் இந்த எண்ணை நம்ப மாட்டார்கள். கணக்கில் பிழையில்லை. நம் உடம்பின் பலம் எவ்வளவு சின்னது, சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து வருவது எவ்வளவு பெரியது என்பது நமக்கு உறைக்காமலே பழகிவிட்டது. மின்சாரத்தை அலட்சியமாகச் செலவழிப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, வேலை என்றால் என்ன? விசை ஒரு பொருளை நகர்த்த வேண்டும். நகர்வும் விசையின் திசையில் இருக்க வேண்டும். பால்குடத்தோடு வரிசையில் அசையாமல் அரை மணி நேரம் நிற்கிறார் ஒரு பக்தர். குடத்தின் மீது அவர் செய்த வேலை பூஜ்யம். தோள் வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, ஆனாலும் பூஜ்யம். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைச் சமதளச் சாலையில் குடத்தோடு நடந்து கடந்தாலும், குடத்தின் எடைக்கு எதிராகச் செய்த வேலை பூஜ்யம்தான். எடை கீழ்நோக்கி இழுக்கிறது, நடையோ கிடையாகப் போகிறது, இரண்டும் செங்குத்து.

அப்படியானால் அந்த வலி எதனால்? பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. மாணவர்கள் இயற்பியலை நம்பாமல் போவதும் இங்கேதான். மேசை மீது குடத்தை வைத்தால் மேசைக்குச் சாப்பாடு தேவையில்லை. தசையின் கதை வேறு. தசைநாருக்குள் இருக்கும் நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றிக்கொண்டே இருந்தால்தான் கை மடங்கிய நிலையிலேயே நிற்கும். ஒவ்வொரு பிடிக்கும் கொஞ்சம் இரசாயன சக்தி கரைகிறது. குடம் அசையாவிட்டாலும் உள்ளே லட்சக்கணக்கான சிறு இழுப்புகள் நடந்தபடியே இருக்கின்றன. கரைந்த சக்தி வெப்பமாகிறது. பக்தர் சக்தியைச் செலவழித்தார் என்பது உண்மை. அது குடத்துக்குப் போகவில்லை என்பதும் உண்மை. வேலை என்பது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் சக்தி கைமாறும் ஒரு வழி. கைமாறாதபோது அந்தக் கணக்கில் வரவு விழாது.

ஏறும்போதும் உடம்பு தின்றதெல்லாம் உயரமாக மாறுவதில்லை. தசையின் பயனுறுதிறன் சுமார் 25 விழுக்காடு. 28,800 ஜூல் வேலைக்கு உடம்பு எரிப்பது அதன் நான்கு மடங்கு, ஏறக்குறைய 1,15,000 ஜூல். ஒரு கிராம் சீனியில் சுமார் 17,000 ஜூல் இருக்கிறது. அப்படியானால் ஏழு கிராம் சீனி போதும். ஒரு தே தாரேக்கில் ஊற்றும் டின்பாலிலேயே அதைவிடக் கூடுதலான சீனி இருக்கும். படியேறி முடித்த கையோடு கீழே கடையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்தால் கணக்கு நேராகிவிடும், சொல்லப்போனால் மிச்சமும் இருக்கும்.

மேலே போனவர் உடம்பில் 28,800 ஜூல் நிலைச்சக்தியாக இருக்கிறது. கீழே இறங்கும்போது அது எங்கே போகிறது? தொடைத் தசைகள் பிரேக் போல உடம்பைத் தடுத்துத் தடுத்து இறக்குகின்றன. நிலைச்சக்தி தசைக்குள் வெப்பமாகிவிடுகிறது. இறங்கி முடித்ததும் கால் நடுங்குவது இந்தத் தடுப்பு வேலையால்தான். நகருக்குள் ஓடும் மின்ரயில்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. நிற்கப் போகும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, இயக்கச்சக்தியில் ஒரு பங்கை மின்சாரமாகத் திருப்பித் தந்துவிடுகின்றன.

சக்தி அழிவதில்லை, வடிவம்தான் மாறும் என்பதை எல்லோரும் ஒப்பிப்போம். எந்த வடிவத்துக்கு எவ்வளவு செலவு என்பது மட்டும் பிடிபடுவதில்லை. கெத்தலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைப்பதைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4,186 ஜூல் வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக 3 லட்சம் ஜூல். பத்துமலையைப் பத்து முறை ஏறினாலும் அந்த அளவை எட்ட முடியாது. 2,000 வாட் கெத்தல் அதை மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. இயந்திர வேலையும் வெப்பமும் ஒரே சரக்குதான், இத்தனை வேலைக்கு இத்தனை வெப்பம் என்று நிறுத்துக் காட்டியவர் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர். 1840-களில் எடைக்கற்களைக் கீழே இறங்கவிட்டு, அவை தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழற்றும்படி செய்து, தண்ணீர் சூடேறுவதை அளந்தார். அவ்வளவு எடை இறங்கியும் வெப்பமானி சிறிதளவே ஏறியது. வெப்பம் விலை உயர்ந்தது. வீட்டில் மின்சாரத்தை விழுங்குபவற்றைத் தேடினால் வாட்டர் ஹீட்டர், அயர்ன்பாக்ஸ், அடுப்பு என்று சூடாக்கும் கருவிகளே முன்வரிசையில் நிற்பதன் காரணம் இதுதான்.

அப்புறம் திறன். வேலை எவ்வளவு என்பது ஒன்று, எவ்வளவு வேகத்தில் என்பது வேறு. 60 கிலோ பேரன் படிகளை ஐந்து நிமிடத்தில் ஓடி ஏறுகிறான். அதே 60 கிலோ பாட்டி பன்னிரண்டு நிமிடத்தில் நிதானமாக ஏறுகிறார். இருவரும் செய்த வேலை ஒன்றே. பேரனின் திறன் 96 வாட், பாட்டியுடையது 40 வாட். கருவிகளின் மீது ஒட்டியிருக்கும் வாட் எண் இந்தத் திறனைத்தான் சொல்கிறது. ரசீதில் வருவது சக்தி. 3,600 வாட் வாட்டர் ஹீட்டரைப் பார்த்துப் பயப்படும் வீட்டில், பத்து வாட் இழுத்தபடி இரவும் பகலும் கிடக்கும் ஒரு பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. பத்து நிமிடக் குளியலுக்கு ஹீட்டர் எடுப்பது 0.6 யூனிட். அந்தப் பெட்டி மாதத்துக்கு 7.2 யூனிட். ஒருவர் பன்னிரண்டு முறை குளித்ததற்குச் சமம். வாட்டை மட்டும் பார்ப்பதும் தவறு, நேரத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. இரண்டையும் பெருக்க வேண்டும்.

நம் ஊரில் எல்லோரும் தினமும் உச்சரிக்கும் திறன் அலகு ஒன்று உண்டு. ஏர்கோன் வாங்கப் போனால் ‘ஒன் எச்.பி.யா, ஒன் பாய்ண்ட் ஃபைவா?’ என்றுதான் முதல் கேள்வி. குதிரைத்திறன் ஒன்றுக்கு 746 வாட் என்று புத்தகம் சொல்லும். ஆனால் ஏர்கோன் கடையில் ஒன் எச்.பி. என்பது அறையிலிருந்து மணிக்குச் சுமார் 9,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் கருவி. அதை வாட்டுக்கு மாற்றினால் 2,600-க்குச் சற்று மேல். அது இழுக்கும் மின்சாரமோ 800 வாட் அளவில்தான். 800 கொடுத்து 2,600 வாங்குவது சக்தி அழிவின்மை விதியை மீறுவதாகத் தோன்றும். மீறவில்லை. ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. குழாய்க்குள் ஓடும் திரவம் அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது, கம்பிரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது, வெளியே இருக்கும் பெட்டியில் அது மீண்டும் திரவமாகும்போது வெப்பத்தை விடுகிறது. வெளிப்பெட்டியின் முன்னால் நின்றால் முகத்தில் அடிக்கும் அனலில் அறையின் 2,600 வாட்டும் உண்டு, கம்பிரசருக்குக் கொடுத்த 800 வாட்டும் உண்டு. அடுக்குமாடிகளின் பின்சந்து மாலையில் அப்படிக் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நாட்டு மின்சாரத்தின் கதை தொடங்கும் இடத்தில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தம்புசாமிப் பிள்ளை. மகா மாரியம்மன் கோயிலுக்கும் பத்துமலைக் கோயிலுக்கும் வித்திட்டவர் என்றே அவரை அறிவோம். 1894-இல் ராவாங்கில் தம் ஈயச் சுரங்கத்துக்கு மின் ஜெனரேட்டர் கொண்டுவந்தவர்களும் அவரும் சீனத் தொழிலதிபர் லோக் யூவும்தான். மலாயாவில் மின்சாரம் புழங்கியதற்கான முதல் பதிவு அது. அடுத்த ஆண்டுதான் கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. அவர்கள் மின்சாரம் கொண்டுவந்தது விளக்கேற்றுவதற்கு அல்ல. தண்ணீர் இறைப்பதற்கு.

ஏன் தண்ணீர்? திறந்த ஈயக்குழியில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இறைத்தால்தான் மண்ணைத் தோண்ட முடியும். ஆட்கள் காலால் மிதித்து ஓட்டும் சங்கிலி இறைப்பான்கள் இருந்தன, பிறகு நீராவி இயந்திரங்கள் வந்தன. 100 டன் தண்ணீரை 20 மீட்டர் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடையை உயரத்தால் பெருக்கினால், அதாவது படிக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால், 196 லட்சம் ஜூல். ஏறக்குறைய ஐந்தரை யூனிட். நல்ல உடற்கட்டுள்ள தொழிலாளி ஒருவர் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்துத் தரக்கூடிய திறன் சுமார் 75 வாட். எட்டு மணி நேரம் உழைத்தால் 0.6 யூனிட். அந்தத் தண்ணீரை இறைக்க ஒன்பது பேர் பொழுதெல்லாம் மிதிக்க வேண்டும். இன்றைய விலையில் ஒரு மனிதரின் முழுநாள் உடலுழைப்பு 27 காசு மின்சாரம்! சுரங்கத்திலும் தண்டவாளத்திலும் தோட்டத்திலும் உடம்பைக் கொடுத்து உழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் கணக்கை என்னால் வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

இறைக்கும் வேலை இன்றும் நிற்கவில்லை. அடுக்குமாடியின் மொட்டைமாடித் தொட்டிக்கு, 50 மீட்டர் உயரத்துக்கு, ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஏற்ற, பம்ப்பில் வீணாவதையும் சேர்த்தால் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் அதுவும் இருக்கிறது.

இதைத் திருப்பிப் போட்டால் நீர்மின்சாரம். தண்ணீர் கீழே விழும்போது வேலை செய்கிறது. 100 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு டன் தண்ணீர் இறங்கினால், டர்பைனில் போகும் இழப்பைக் கழித்தால், கைக்கு வருவது ஒரே ஒரு யூனிட். ஒரு வீட்டுக்கு ஒருநாள் பத்து யூனிட் என்றால் 40 டன் தண்ணீர் இறங்க வேண்டும். அணைகள் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன, அதற்காக ஏன் அவ்வளவு காடு மூழ்குகிறது என்பது இந்த எண்ணில் தெரிந்துவிடும். பேரா ஆற்றில் சென்டரோ அணை 1930-லிருந்து மின்சாரம் தருகிறது. திரெங்கானுவில் கென்யிர் ஏரியின் நீர்மின் நிலையம் 400 மெகாவாட். சரவாக்கில் பாக்குன் 2,400 மெகாவாட். ஆனால் தென்சீனக் கடலைக் கடந்து தீபகற்பத்துக்கு மின்கம்பி இல்லாததால் அந்த மின்சாரம் நம் வீட்டுக்கு வருவதில்லை.

கோலாலம்பூரில் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் எரிவது நிலக்கரியும் எரிவாயுவும்தான். கிள்ளானுக்கு வடக்கே காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகளைக் கண்டிருப்பீர்கள். நிலக்கரியில் பெரும்பகுதி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. தரத்தைப் பொறுத்து ஒரு யூனிட்டுக்குச் சுமார் அரை கிலோ கரி எரிய வேண்டும். கரியில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் இரண்டு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி வெப்பமாகக் கடலுக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரத்துக்கும் இயற்கை வைத்திருக்கும் வரம்பு அது; கவனக்குறைவால் வருவதல்ல. எரிவாயுவை எரித்து ஒரு டர்பைனைச் சுழற்றி, வெளிவரும் சூட்டில் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனையும் சுழற்றும் நிலையங்கள் 60 விழுக்காட்டைத் தொடுகின்றன.

மூலங்கள் பலவாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றின் வேர் சூரியன். கரி, பழைய காட்டின் வெயில். அணைத்தண்ணீரை மேலே தூக்கியதும் வெயில்தான். செம்பனை ஆலைகள் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்துத் தங்களுக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தாங்களே உண்டாக்கிக்கொள்வது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அதுவும் வெயில். அணுசக்தி இந்த வரிசையில் சேராது. மலேசியாவில் அணுமின் நிலையம் கிடையாது; பாங்கியில் 1982 முதல் இயங்குவது 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை, மின்சாரம் தருவதற்கானது அல்ல.

இனி, செய்தித்தாளைப் படிக்கும்போது பலர் தடுமாறும் இடம். 2023-இல் அரசு வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050-க்குள் நாட்டின் மின்னுற்பத்தி நிறுவுதிறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கக்கூடிய மூலங்களாக இருக்க வேண்டும் என்கிறது. நிறுவுதிறன் என்றால் மெகாவாட். நாம் எரிக்கும் மின்சாரத்தில் 70 விழுக்காடு என்று அதைப் படித்தால் தவறு. ஒரு கிலோவாட் நிலக்கரி நிலையம் இடைவிடாமல் ஓடினால் ஒருநாளில் 24 யூனிட். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் ஊர் வெயிலுக்கும் மேகத்துக்கும் ஒருநாளில் மூன்றரை யூனிட் அளவுக்குத் தரும். திறன் ஒன்றே, சக்தி ஏழில் ஒரு பங்கு. இதைச் சொல்வது சூரியசக்தியைக் குறை சொல்வதற்காக அல்ல. தகடு வந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை தகடு வேண்டும் என்பது தெரிந்து வரவேற்க வேண்டும்.

புதிய ரசீதிலும் இதே வேறுபாடு எழுதியிருக்கிறது. 44.43 சென்னில் சக்திக்கு 27.03, கொள்திறனுக்கு 4.55, மின்கம்பி வலையமைப்புக்கு 12.85 என்று பிரித்திருக்கிறார்கள். கொள்திறன் கட்டணம் எதற்கு? தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024-இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. எல்லா ஏர்கோனும் ஒரே நேரத்தில் ஓடும் அந்தச் சில மணி நேரத்துக்காகவே சில நிலையங்கள் ஆண்டு முழுவதும் தயாராக இருக்க வேண்டும். பெரிய ஆலைகளிடம் மாதத்தின் உச்சத் தேவையை அளந்து, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்றே தனியாக வசூலிப்பார்கள்.

மின்வலையில் உற்பத்தித் திறனும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். சமநிலை தவறினால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும் சீர், ஆட்டம் காணும், நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். 1996 ஆகஸ்ட் 3 மாலை திரெங்கானுவின் பாக்கா பக்கம் தொடங்கிய கோளாறு அப்படித்தான் தீபகற்பம் முழுவதையும் இருளில் தள்ளியது. அன்று எரிவாயுவோ கரியோ தீர்ந்துபோகவில்லை. சக்தி இருந்தது, அதை உரிய நொடியில் உரிய வேகத்தில் தரும் ஏற்பாடுதான் அறுந்துபோனது.

கூரையில் தகடும் வீட்டில் பேட்டரியும் வைக்க இப்போது பல குடும்பங்கள் விலை விசாரிக்கின்றன. விற்பவர் ‘பத்து கிலோவாட்-மணி பேட்டரி’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். அது எவ்வளவு சக்தி பிடிக்கும் என்பதற்கான எண். எத்தனை கிலோவாட் வேகத்தில் தரும் என்றும் கேளுங்கள். 3 கிலோவாட்டுக்கு மேல் தராத பேட்டரி முழுவதும் நிரம்பியிருந்தாலும் 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டரை அது மட்டுமாக ஓட்டாது. 800 வாட் ஏர்கோன் ஒன்றை, இழப்புகளைக் கழித்தாலும், இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை தாராளமாக ஓட்டும்.